படத்தில் இல்லாத பின்பக்கம்

வாங்கம்மா, வாங்க. செருப்போடயே வாங்க, பரவாயில்லை. வேண்டாம், கழட்டிடுங்க. வீடு பார்க்க வந்த இடத்துல செருப்போட நடந்தா அந்த வீடு அமையாதும்பாங்க. அந்த ஓரமா விடுங்க, இல்லாட்டி நாய் தூக்கிட்டுப் போயிரும். ஸ்கூட்டியில தனியாவா வந்தீங்க? வீட்டுக்காரர் வரலையா? வராட்டிப் போகுது. வீடு பார்க்கப் பொம்பளைக்குத்தான் தெரியும். ஆம்பளை வந்தா நேரா மொட்டை மாடிக்குப் போய்க் காத்து வருதான்னு பார்த்துட்டு இறங்கிருவான்.

நேத்து போன்ல பேசினது நீங்கதானே? குரல் கொஞ்சம் கட்டையா இருந்துச்சு, நேர்ல மெலிசா இருக்கு. சளி பிடிச்சிருந்திருக்கும். இந்தக் காத்துக்கு யாருக்குத்தான் பிடிக்கலை. உட்காரவெல்லாம் வேண்டாம்மா, சட்டுன்னு ஒரு சுத்துப் பார்த்திருவோம், அப்புறம் காப்பி. இவ என்னடா விரட்டுறான்னு நினைக்காதீங்க. எங்க நாத்தனா பூரணி நூல் வாங்கக் கடைவீதிக்குப் போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள பார்த்துட்டா நல்லது. வந்தா ஒண்ணும் சொல்லமாட்டா. சும்மா வந்து நிற்பா. அவ நிற்கிறதைப் பார்த்தா வீடு பார்க்க வந்தவங்களுக்கு என்னவோ மாதிரி ஆயிடுது.

இது ஹாலு. கிழக்குப் பார்த்த வாசல். காலை வெயில் அந்தக் காலண்டர் வரைக்கும் வரும், அதுக்கு மேல வராது. இது எங்க படுக்கை ரூமு. இது என் மக இந்துஜா இருந்த ரூமு. அடுப்படி இந்தப் பக்கம். மேடை கடப்பாக்கல். கீறல் எல்லாம் இல்லை, அது நிழல். சரி, கீறல்தான், தேங்காய் உடைச்சதுல விழுந்தது. உங்ககிட்ட மறைச்சு எனக்கென்ன.

அந்தக் கதவா? அது பின்பக்கம் போறது. நான்தான் தாழ்ப்பாள் போட்டு வச்சிருக்கேன். ஆளுக வந்தா போட்டிருவேன். கடைசியில பார்க்கலாம்மா, எங்கேயும் ஓடிராது.

உங்களுக்குத் தெரியாததில்லை, ஞாயித்துக்கிழமை ஆடி பிறக்குது. ஆடி பிறந்துட்டா ஒருத்தரும் வீட்டுப் பேச்சே எடுக்கமாட்டாங்க. அதுக்குள்ள ஒரு வெத்தலை பாக்கு மாத்திக்கிட்டா என் நெஞ்சுல இருக்கிற கல்லு இறங்கும். இந்துஜாவுக்குக் கோயம்புத்தூர்ல வேலை. கைக்குழந்தை. லீவு முடியப் போகுது. அவ மாமியார், 'எனக்கு முட்டி வலி, என்னால பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நிற்க முடியாது'ன்னு கை விரிச்சிருச்சு. எனக்கு மட்டும் முட்டி என்ன இரும்புலயா செஞ்சிருக்கு? ஆனா பெத்தவளாச்சே. தினமும் போன்ல அழுறா. 'அம்மா, நீ வராட்டி நான் வேலையை விட்டுட வேண்டியதுதான்'ங்கிறா. அம்புட்டுப் படிக்க வச்சது வேலையை விடவா? அவ வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு ஃபிளாட் பார்த்து வச்சிருக்கோம். அந்தக் கட்டடக்காரன் ஆடி வரைக்கும்தான் பிடிச்சு வைப்பேன்னுட்டான். இந்த வீட்டை வித்தாத்தான் அது. அதனாலதாம்மா இந்தப் பறப்பு.

முதல்ல புரோக்கர்கிட்டதான் சொன்னோம். சொன்னது எங்க வீட்டுக்காரர், சொன்ன இடம் டீக்கடை. அப்புறம் கேட்கணுமா? மறுநாள் காலையில பால்காரர் கேட்கிறார், 'என்னம்மா, கடனா?'ன்னு. பூக்காரம்மா கேட்குது, 'சாருக்கு ஒடம்புக்கு முடியலையா?'ன்னு. வீட்டை விக்கிறேன்னா ஊரு சும்மா விக்கிறாங்கன்னு நினைக்குமா? எனக்குத் தெருவுல தலை காட்ட முடியலை.

மாப்பிள்ளைதான் சொன்னாரு. 'அத்தை, புரோக்கரே வேண்டாம். போன்ல விளம்பரம் போட்டா வாங்குறவனுக்கு மட்டும்தான் தெரியும், சொந்தக்காரனுக்குத் தெரியாது'ன்னு. நல்ல யோசனைதானேன்னு நானும் தலையாட்டினேன். போட்டுட்டு என்ன சொல்றாரு தெரியுமா? 'அத்தை, அமெரிக்காக்காரன் பார்த்து என்ன ஆகப் போகுது? திண்டுக்கல்லைச் சுத்தி இருக்கிறவங்க போனுக்கு மட்டும் போற மாதிரி செஞ்சிருக்கேன்'ங்கிறாரு! யாருக்குத் தெரியக்கூடாதுன்னு நினைச்சேனோ பொறுக்கி எடுத்து அவங்களுக்கு மட்டும் அனுப்பியிருக்காரு மனுஷன். மாப்பிள்ளையாச்சே, என்ன சொல்ல முடியும்? 'ரொம்ப நல்லதுங்க'ன்னேன்.

முதல் ஆளா யார் வந்தாங்கங்கிறீங்க? வத்தலக்குண்டுல இருக்கிற என் சித்தப்பா மக கலாவதி. 'நாங்களும் திண்டுக்கல் பக்கம் வீடு தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்க்கா'ன்னு வாய் நிறையச் சிரிப்பு. வீடு வாங்க வந்தவ எதுக்கும்மா ஊறுகாய் ஜாடியைத் திறந்து மோந்து பார்க்கிறா? பீரோவுக்குள்ள எட்டிப் பார்க்கிறா? போய் ஊரெல்லாம், 'தனபாக்கியம் வீட்டு அரிசி டின்னு அடி தெரியுது'ன்னு சொல்லியிருக்கா. அடுத்து எதிர் வீட்டுக்காரரோட சம்பந்தி. அடுத்து எங்க வீட்டுக்காரர் கூட வேலை பார்க்கிறவரு. யாரும் வாங்க வரலை. எல்லாரும் பார்க்க வந்தாங்க.

வெளியாளுகளும் போன் பண்ணத்தான் செய்றாங்க. ஆனா அந்தப் படம் இருக்கு பாருங்க, அது இன்னொரு கூத்து. இந்துஜாவோட வளைகாப்புக்காக வெள்ளையடிச்சோம். அன்னைக்கு எடுத்த படத்தையே மாப்பிள்ளை போட்டுட்டாரு. வாசல்ல வாழைமரம், ஹால்ல பூ அலங்காரம், நடுவுல சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலி. ஒருத்தன் கேட்கிறான், 'ஏங்க, இது மண்டபமா?'ங்கிறான். இன்னொரு அம்மா, 'அந்த நாற்காலி வீட்டோட சேர்த்தியா?'ன்னுச்சு. அதாவது போகட்டும். எல்லாரும் கடைசியில ஒரே கேள்வி, 'ரெண்டு ரூம்தானா? கிணறு கிடையாதா?' நானும் தொண்டை கிழிய, 'மூணு ரூமுங்க, மூணு! பின்னாடி ஒரு பெரிய ரூம் இருக்கு, வத்தாத கிணறு இருக்கு'ன்னு கத்துறேன். 'படத்துல இல்லையே'ன்னு வச்சிடுறாங்க. திண்டுக்கல்லுல கிணறு இல்லாத வீட்டை எவன் வாங்குவான், சொல்லுங்க?

ஏன் படத்துல இல்லையா? அது வந்தும்மா, அன்னைக்குப் பின்பக்கம் சாத்தியிருந்துச்சு. பூரணி உள்ளே இருந்தா.

அவளைப் பத்திச் சொல்லணும்னா ஒரு நாள் பத்தாது. கட்டிக் கொடுத்து ஒரு வருஷம் முழுசா முடியலை, பொட்டியைத் தூக்கிக்கிட்டு வந்துட்டா. அவன் அடிச்சானாம். எவன்தான் அடிக்கலை? போய் நாலு பேர் பேசிப் பார்த்தாங்க, இவ படி ஏற மாட்டேன்னுட்டா. அன்னையிலயிருந்து அந்தப் பின் ரூம்தான். தையல் மிஷின் ஒண்ணு. பிள்ளை குட்டி கிடையாது. அப்படிப்பட்டவளை வளைகாப்பு அன்னைக்குச் சபையில நிறுத்தினா சம்பந்தி வீட்டுல என்ன பேசுவாங்க? முதல் வளையல் போடுறதுக்கே பிள்ளை பெத்து வாழறவளாத் தேடுறாங்க. நான் ஒண்ணும் மனசு நோகப் பேசலைம்மா. நான் அப்படிப் பேசுற ஆளும் இல்லை. பக்குவமாத்தான் சொன்னேன். 'பூரணி, ஆளுக வர்ற நேரம், கொஞ்ச நேரம் உள்ளே போய்ப் படு. ஓய்வா இரு'ன்னேன். சரிங்க அண்ணின்னு சிரிச்சுக்கிட்டே போனா. இந்துஜா போட்டிருந்த ஜாக்கெட்டு இருக்கு பாருங்க, அம்புட்டு வேலைப்பாடும் இவ கைதான், கண்ணு வலிக்க வலிக்கத் தச்சது. நான் இல்லைன்னு சொல்லலையே. எல்லாம் முடிஞ்சு ஆளுக போன பின்னாடி, மீந்த வளையல்ல ஒரு டஜன் எடுத்துக்கிட்டுப் போய்க் கொடுத்தேன். வாங்கிக்கலை. 'மிஷின் மிதிக்கிறப்ப உடையும் அண்ணி'ன்னா. நல்லதுக்குக் காலமில்லை.

என்னம்மா, அந்தக் கதவையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க? ஹால் டைல்ஸைப் பாருங்க. போன வருஷம் போட்டது.

பின்பக்கம் தனிக் குழாயான்னா? ஆமா, தனிக் குழாய்தான். கரண்டும் தனி மீட்டர். அது எங்க மாமனார் செஞ்ச வேலை. சாகறதுக்கு முன்னாடி அந்தப் பின்பக்கத்தை, ரூமு, கிணறு, பின் சந்துக்குப் போற வாசல் எல்லாத்தையும், மக பேருக்குத் தனியா எழுதி வச்சிட்டாரு. பாவம், வாழாம வந்த பொண்ணுன்னு ஒரு பாசம். நீங்க அதை நினைச்சுப் பயந்துக்க வேண்டாம். பத்திரம்னு பேருக்கு இருக்கே ஒழிய, எல்லாம் ஒரே வீடுதான். கையெழுத்துப் போடச் சொன்னாப் போடுவா. போடாம எங்கே போவா?

அவகிட்ட கேட்டுட்டீங்களான்னா? கேட்கிறதுக்கு என்னம்மா இருக்கு? அவளையும்தான் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கிட்டுப் போறோம். நடுத்தெருவுலயா விடப் போறேன்? ஃபிளாட்ல ரெண்டு ரூம். ஒண்ணு எங்களுக்கு, ஒண்ணு இந்துஜா வந்து போக, குழந்தைக்குத் தொட்டில் கட்ட. இவ ஹால்ல ஒரு பாயைப் போட்டுக்குவா. குழந்தையைக் குளிப்பாட்ட, சோறூட்ட, தூக்கி வச்சுக்க ஒரு ஆள் வேணுமே. என் முட்டிக்கு அந்தக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு மூணு மாடி ஏற முடியுமா? பூரணிக்குக் கை நல்ல கை. பச்சைப்பிள்ளை அவ தோள்ல போட்டா அழுகையை நிறுத்திரும், நானே பார்த்திருக்கேன். மிஷினை எடைக்குப் போட்டுட வேண்டியதுதான், அங்கே சத்தம் போட்டா கீழ் வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான். நான் அவகிட்ட சொன்னேன், 'பூரணி, உனக்கும் ஒரு பிள்ளையை வளர்த்த புண்ணியம் கிடைக்கும்'னு. குனிஞ்சு மிஷினுக்கு எண்ணெய் போட ஆரம்பிச்சுட்டா. சந்தோஷத்துல வாயடைச்சுப் போயிருப்பா.

நீங்க ஏன் சிரிக்க மாட்டேங்கிறீங்க? வீடு பிடிக்கலையா?

இல்லை, ஏன் கேட்கிறேன்னா, வர்றவங்க எல்லாம் கதவைத் திறந்து பின்னாடி போனதும் முகம் மாறிடுது. போன வாரம் ஒரு தாலுகா ஆபீஸ் கிளார்க்கு குடும்பத்தோட வந்தாரு. எல்லாம் பிடிச்சுப் போச்சு. பின்பக்கம் போனாங்க. இவ மிஷின்ல உட்கார்ந்திருந்தவ எந்திரிச்சு நின்னா. அந்த அம்மா கேட்டுச்சு, 'நீங்க யாரு?'ன்னு. இவ, 'நான் இங்கே இருக்கிறவ'ன்னா. அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடுதலும் இல்லை, குறைச்சலும் இல்லை. அந்த அம்மா வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்குது, அவரு செருப்பைப் பார்க்கிறாரு. போனவங்க போனவங்கதான். அன்னையிலயிருந்து ஆளுக வந்தா அவளை எங்கேயாவது அனுப்பிடுறேன். கோயிலுக்குப் போயிட்டு வா, ரேஷன்ல பருப்பு போடுறானான்னு பாரு, இப்படி. இன்னைக்கு நான் சொல்றதுக்கு முன்னாடி அவளே, 'நூல் வாங்கப் போறேன் அண்ணி'ன்னு கிளம்பிட்டா. எனக்கு ஆச்சரியம்தான்.

இப்ப கொஞ்ச நாளா அவ போக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்கு. அவளா சுண்ணாம்பு வாங்கி அவ ரூமுக்கு வெள்ளையடிச்சா. கொடியில கிடந்த துணியெல்லாம் எடுத்து மடிச்சு வச்சா. கிணத்துக்குப் புது வலை போட்டா. விக்கிற வீட்டுக்கு அவளா உதவி செய்றாளேன்னு எனக்கு மனசு இளகிப் போச்சு. ஒரு நாள் மத்தியானம் எட்டிப் பார்க்கிறேன், முக்காலி மேல ஏறி நின்னுக்கிட்டு வெறுஞ்சுவரைப் போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கா! ஒரு போன் வச்சிருக்கா, ஜாக்கெட் மாடல் அனுப்புறதுக்கு. 'என்னடி, சுவருக்கா ஜாக்கெட் தைக்கப் போறே?'ன்னேன். 'வெளிச்சம் நல்லா விழுது அண்ணி'ன்னா. தனியா இருந்து இருந்து மூளை கலங்கிருச்சோன்னு பயந்துட்டேன். கோயம்புத்தூர் போனா சரியாயிரும்.

பின் சந்துல கார் வருமான்னா? ஆட்டோ வரும், கார் வராது. ஸ்கூட்டி தாராளமா போகும். ஆனா உங்களுக்கு எதுக்கும்மா பின் சந்து? முன் வாசல்ல லாரியே வந்து நிற்கும்.

டியூஷன் எடுப்பீங்களா? நல்லது. இந்த ஹால்லயே இருபது பிள்ளைகளை உட்கார வைக்கலாம். ஹால் வேண்டாமா? அந்தச் சன்னல் இருக்கிற ரூம் போதுமா? எந்தச் சன்னல்? பச்சைக் கம்பி போட்ட சன்னலா?

இருங்க. பச்சைக் கம்பி பூரணி ரூம் சன்னல்ல. அது உங்களுக்கு எப்படித் தெரியும்? படத்துல பார்த்தீங்களா? எந்தப் படத்துல? படத்துலதான் பின்பக்கமே இல்லையேம்மா. அதைத்தானே இவ்வளவு நேரமா சொல்லிக்கிட்டு இருக்கேன்.

காட்டுங்க. கொஞ்சம் தள்ளிப் பிடிங்க, கண்ணாடி எங்கே வச்சேன்னு தெரியலை. இது கிணறு. எங்க கிணறுதான். இது அந்த ரூமு. இவ்வளவு பெருசாவா இருக்கு? இம்புட்டு வெளிச்சம் எங்கேயிருந்து வந்துச்சு? நான் அங்கே போனா எனக்கு இருட்டாத்தானே இருக்கும். மிஷினை ஓரமா நகர்த்தி வச்சு, அது மேல ஒரு செம்புல செம்பருத்தி வேற. கீழே என்னமோ எழுதியிருக்கே. அஞ்சாவதோட என்னை நிறுத்திட்டாங்க, எழுத்துக் கூட்டித்தான் வரும். பின்... பகுதி... விற்பனைக்கு. தனி வாசல். கிணறு உண்டு. உரிமையாளர்... பூ... ர...

நேத்து போன்ல பேசினது நீங்க இல்லையா? அப்ப நீங்க யாரும்மா?

கதவைத் தட்டுற சத்தமா? ஆமா, அந்தப் பக்கத்துலயிருந்துதான். வந்துட்டா. பின் சந்து வழியா வந்திருக்கா. இருடி, திறக்கிறேன். இந்தத் தாழ்ப்பாள் எப்பவும் இப்படித்தான், சனியன், அவசரத்துக்கு வராது.

பூரணி, என்னடி இது? இந்தம்மா போனைப் பாரு. நீதான் போட்டியா? உனக்கு யாருடி இதெல்லாம் சொல்லிக் கொடுத்தா? ஜாக்கெட் படம் போடுற மாதிரிதானாம். ஜாக்கெட்டும் வீடும் ஒண்ணாடி? உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? என்னது? பத்திரத்தை எடுத்து ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்ததே அண்ணன்தானா? அந்த மனுஷன் காலையில எங்கிட்ட இட்லி வாங்கித் தின்னுட்டு ஒண்ணுமே தெரியாத மாதிரியில்ல போறாரு!

கேட்டீங்களாம்மா? பழநி ரோட்டுல ஒரு கடையும் மேல ஒரு ரூமும் பார்த்து வச்சிருக்காளாம். தையல்கடை போடப் போறாளாம். ஆடிக்குள்ள முடிச்சிரலாம்னு நினைக்கிறாளாம். அவளுக்கும் ஆடியாம்! அப்ப கிணறு? முன்பக்கத்தை மட்டும் கிணறு இல்லாம நான் யார் தலையில கட்டுவேன்? அந்த ஃபிளாட்டு என்ன ஆகும்? பூரணி, இங்கே பாரு, என் மூஞ்சியைப் பாரு. நான் உனக்கு என்ன குறை வச்சேன்? ஒரு நாள் சோறு இல்லைன்னு சொல்லியிருப்பேனா? சரி, என்னை விடு. இந்துஜா பிள்ளையை யாருடி பார்த்துக்குவா?

பிள்ளையைப் பெத்தவங்க பார்த்துக்குவாங்களாம். சிரிச்சுக்கிட்டே சொல்றாம்மா. அன்னைக்கும் இப்படித்தான் சிரிச்சா.

நீங்க எங்கே போறீங்க? காப்பி போடுறேன்னு சொன்னேனே. உங்களை உள்ளே வாங்கங்கிறாளா? போங்க. உங்க செருப்பு முன்பக்கம் கிடக்கு, அதை எடுத்துக்கிட்டே போங்க, பின் சந்து வழியா வந்திருக்க வேண்டியவங்கதானே.

என்ன சொல்றே? என்னையா? நான் எதுக்கு உள்ளே போய்ப் படுக்கணும்? ஆளுக வர்ற நேரமா? என் வீட்டுல நின்னுக்கிட்டு என்னையே, 'கொஞ்ச நேரம் போய்ப் படுங்க அண்ணி, ஓய்வா இருங்க'ங்கிறியா? பேச்சைப் பாரு. யார்கிட்ட கத்துக்கிட்டாளோ.

போன் அடிக்குது. போங்க, போங்க, நான் பார்த்துக்கிறேன்.

ஹலோ? ஆமாங்க, வீட்டுக்காரம்மாதான் பேசுறேன். நீங்க நேத்து பேசினவங்களா? தெரியுது, தெரியுது, அதே கட்டைக் குரல். வாங்க, வரலாம், தாராளமா வரலாம். ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி வந்திருங்க. என்ன சத்தமா? ஒண்ணுமில்லைங்க, உள் கதவு. அந்தப் பக்கம் தாழ்ப்பாள் போடுறாங்க.

ரூமா? மூணுன்னு யாருங்க சொன்னது? இல்லைங்க. கிணறும் இல்லைங்க. நீங்க படத்தைப் பார்த்துட்டுத்தானே பேசுறீங்க? படத்துல என்ன இருக்கோ அதுதாங்க வீடு.